சடையனின் பின்தலை

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை. ஷட்டரை இடுப்பளவுக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தம்பியைக் குனிந்து வரச் சொன்னேன். அவன் குனிந்தான், முடி குனியவில்லை. பின்தலை முழுக்க ஒரே பலகையாக ஒட்டிப்போய், சட்டைக் காலரைத் தள்ளிக்கொண்டு நீட்டி நின்றது. ஷட்டர் விளிம்பில் அது இடித்துவிடுமோ என்று எனக்கு உயிரே போய்விட்டது.

உள்ளே வந்ததும் அவன் முதலில் சொன்னது, "கண்ணாடியை மூடு" என்பதுதான்.

இது முடிதிருத்தும் கடை. சுவர் நீளத்துக்குக் கண்ணாடி. எதைக் கொண்டு மூடுவது? அலமாரியில் இருந்த துண்டுகளையெல்லாம் எடுத்து வரிசையாகத் தொங்கவிட்டு கிளிப் போட்டேன். கடை என்னுடையது இல்லை, நான் சம்பளத்துக்கு நிற்பவள். முதலாளியம்மாவிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு நாளைக்குச் சாவி வாங்கியிருந்தேன். "திங்கட்கிழமை காலைல என் பேசின்ல ஒத்த முடி கெடக்கக்கூடாது" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

கண்ணாடியை மூடியது எனக்கும் நல்லதாகப் போயிற்று. என் மூஞ்சி இருக்கிறதே, அது மனசில் ஓடுவதை அப்படியே ஒலிபரப்பிவிடும். என் வாய் அதைவிட மோசம். இன்றைக்கு ஒரு நாள் இரண்டையும் கட்டிப்போட வேண்டும் என்று காலையில் பல் தேய்க்கும்போதே எனக்கு நானே எச்சரித்துக்கொண்டுதான் வந்தேன்.

விஷயம் இதுதான். என் தம்பி ஒரு சைக்கிள் பட்டறையில் வேலை பார்க்கிறவன். பார்த்தவன். பத்து வருஷமாகத் தலையில் சடை வைத்திருக்கிறான். பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாது. "சடையன்" என்றால் அந்தத் தெருவே கையைக் காட்டும். நன்றாகத்தான் இருந்தான். திடீரென்று ஒரு நாள் வேலைக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. அறைக்குள் படுத்தவன் மாதக்கணக்கில் எழுந்திருக்கவே இல்லை. டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார், மாத்திரை கொடுத்தார். அம்மா மட்டும் சாப்பாட்டுத் தட்டோடு உள்ளே போய் வரலாம். நான் வாராவாரம் போய்க் கதவுக்கு வெளியே நின்று கத்துவேன். திட்டினால் எழுந்து வருவான் என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதானே!

நடுவில் ஒரு தடவை வெளியே வந்தான். என் வீட்டுக்காரர் இருக்கிறாரே, அவருக்கு வாயில் சனி. "என்ன மச்சான், தலையில குருவி எதுவும் குடிவந்திருக்கா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். தம்பியும் லேசாகச் சிரித்தான். எழுந்து உள்ளே போனான். கதவைச் சாத்தினான். அந்தக் கதவு மறுபடி திறக்க ரெண்டு மாசம் ஆயிற்று. அந்த ரெண்டு மாசமும் வீட்டில் அந்த மனுஷனுக்கு நான் சோறு போட்டேனே தவிர ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது ஒரு மாதமாக வெளியே இருக்கிறான். சாப்பிடுகிறான், ஜன்னலோரம் உட்காருகிறான். பட்டறை மேஸ்திரி போன வாரம் போன் பண்ணி, "திங்கட்கிழமை அவன் வரட்டும். இதுக்கு மேல என்னால இடத்தைப் பிடிச்சு வெக்க முடியாது" என்று சொல்லிவிட்டார். அன்றைக்குத்தான் தம்பி என்னிடம் வந்து நின்றான்.

"அக்கா, தலையைச் சரி பண்ணித் தரியா? வெட்டாம."

"வெட்டாமலா?"

"வெட்டினா நான் போகல. வீட்லயே இருந்துக்கிறேன்."

வீட்டிலேயே என்றால் எங்கே என்று எனக்குத் தெரியும். அந்த அறைக்குள். அதனால் சரி என்றேன். முடியுமா முடியாதா என்று பார்க்காமலே சரி என்றேன்.

சடை என்றால் குளிக்காமல் கொள்ளாமல் இருந்தால் தானாக வருவது என்று நினைக்கிற புத்திசாலிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் பேசிப் பேசி என் தொண்டை வற்றியதுதான் மிச்சம். ஒழுங்கான சடைக்கு வேலை உண்டு. தலையைச் சின்னச் சின்னக் கட்டமாகப் பிரிக்க வேண்டும். ஒரு கட்டத்து முடிக்கு ஒரு சடை. வளர்கிற முடி பக்கத்துக் கட்டத்துக்குத் தாவப் பார்க்கும். வாராவாரம் விரலை விட்டு வேரிலேயே பிரித்துவிட வேண்டும். கழுவினால் உள்வரைக்கும் காயவைக்க வேண்டும், இல்லையென்றால் நடுவில் பூஞ்சை பிடிக்கும். இவன் தலையில் கட்டம் போட்டுச் சடை பிடித்தவளே நான்தான். இருட்டில் தடவினால்கூட எது எங்கே என்று சொல்லுவேன்.

அப்படிப்பட்ட தலையை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் பெரும்பாலும் மல்லாந்தே படுத்திருந்தால் என்ன ஆகும்? தலையணையில் அழுந்தின இடத்தில் வேர் வேரோடு பின்னி, சடை சடையோடு ஒட்டி, தலையணைப் பஞ்சும் வியர்வையும் சேர்ந்து பலகை ஆகும். ஆகியிருந்தது. கிட்டப் போனால் ஈரச் சாக்கு மாதிரி ஒரு வாடை.

நான் வாயைத் திறக்கவில்லை. பார்த்துக்கொள்ளுங்கள், நான்!

அவனைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்துக் கழுத்தை பேசினில் பொருத்தினேன். அப்போது ஷட்டருக்கு அடியில் ரெண்டு செருப்புக் கால்கள் தெரிந்தன. யாரென்று பார்த்தால் அம்மா. வரவேண்டாம் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே.

"சும்மா உக்காந்திருக்கேன்டி. ஒண்ணும் பேச மாட்டேன்" என்றாள். காத்திருப்பவர்களுக்குப் போட்டிருக்கும் நாற்காலியில் ஓரமாக உட்கார்ந்து, பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சடை வந்த நாளிலிருந்தே அம்மாவுக்கு அதைக் கண்டால் ஆகாது. கடையில் எங்கே திரும்பினாலும் கத்தரிக்கோல். நான் கண்ணில் பட்டதையெல்லாம் பொறுக்கி இழுப்பறையில் போட்டு மூடினேன்.

"யாரு, அம்மாவா?" என்று பேசினிலிருந்து தம்பி கேட்டான்.

"ஆமா. ஏன், போகச் சொல்லவா?"

"வேணாம். இருக்கட்டும்."

குரலில் ஒரு பயம் இருந்தது. அம்மா எதையாவது சொல்லி வெட்டவைத்துவிடுவாள் என்று பயப்படுகிறான் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

வெந்நீரில் சோடா உப்பைக் கரைத்து ஊறவைத்தேன். வந்த தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. அதைக் கொட்டிவிட்டு இன்னொரு தரம். அப்புறம் தண்ணீர் கலந்த வினிகர். அப்புறம் நல்ல தண்ணீர். பிழிந்து பிழிந்து என் முழங்கை வரைக்கும் விட்டுப்போயிற்று. முன்பக்கமும் பக்கவாட்டிலும் இருந்த சடைகள் அவ்வளவு மோசமில்லை. வேரில் விரலை விட்டு, கட்டத்துக்குக் கட்டம் கோடு தெரிகிற மாதிரி மெல்லப் பிரித்தேன். உதிரி முடியைக் கொக்கி ஊசியால் உள்ளே இழுத்துவிட்டேன். நூல் பின்னுகிறவர்கள் வைத்திருப்பார்களே, அந்த ஊசிதான், ஆகச் சன்னமானது. அவசரப்பட்டால் அதே ஊசி முடியை அறுத்துவிடும். கை அவசரப்படாமல் இருந்தது.

"வலிக்குதா?"

"இல்ல."

"வலிச்சா சொல்லுடா. நல்லா சவுண்டு விட்டே சொல்லு. நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

"நீயா சவுண்டைப் பத்திப் பேசுற?" என்றான்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எத்தனை மாதத்துக்குப் பிறகு இவன் என்னைக் கிண்டல் பண்ணுகிறான்! உடனே பயமும் வந்தது. நன்றாகப் போகிறது என்று நினைத்தாலே எனக்குப் பயம்தான். நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதானே குருவி வந்தது.

"அம்மா என்ன பண்றாங்க?" என்று கேட்டான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டான். உட்கார்ந்திருக்கிறாள், வேறென்ன பண்ணுவாள் என்றேன்.

மத்தியானத்துக்குள் அவனை நிமிர்த்தி உட்காரவைத்துப் பின்தலைக்கு வந்துவிட்டேன். பலகையின் ஓரத்திலிருந்து ஆரம்பித்தேன். தண்ணீர் தெளித்து, துளி எண்ணெய் விட்டு, ஒட்டின இடத்தில் ரெண்டு கட்டைவிரலையும் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக விரித்தேன். முதல் சடை பிரிந்து வந்தது. ரெண்டாவதும் வந்தது. மூன்றாவதை ரெண்டு பக்கமும் விடுவித்தேன். அது என் கையோடு வந்துவிட்டது.

முழுச் சடை. முழங்கை நீளம். என் கையில் கிடந்தது.

என் உயிர் என்னிடம் இல்லை. வேர் நைந்து அறுந்துவிட்டதா, நான்தான் இழுத்துவிட்டேனா? நுனியைத் திருப்பிப் பார்த்தேன். அறுந்த முடி என்றால் நுனி பிசிறு பிசிறாக இருக்கும். இது நேராக, ஒரே மட்டமாக இருந்தது. தலையில் அந்தச் சடைக்குரிய கட்டத்தைப் பார்த்தேன். அங்கே புதுசாக வளர்ந்த முடி பல் தேய்க்கிற பிரஷ் மாதிரி குத்திட்டு நின்றது.

கத்தரி பட்ட சடை. யாரோ வேரோடு ஒட்ட வெட்டியிருக்கிறார்கள். வெட்டியும் அது விழவில்லை, ஏனென்றால் பக்கத்துச் சடைகள் அதைத் தங்களோடு பின்னிப் பிடித்துக்கொண்டிருந்தன. பலகைக்கு அடியில் விரலை விட்டுத் தடவினேன். இன்னொரு கட்டத்தில் பிரஷ். அதற்குக் கீழே இன்னொன்று. எத்தனை! நான் பிரித்தேனென்றால் இத்தனையும் ஒவ்வொன்றாகக் கையில் வரும். பிரிக்காமல் விட்டால் பலகை. கழுத்துக்கு மேலே, காதுக்குப் பின்னால், தோலில் ஒரு தழும்பு இருந்தது. ஆறிப்போன கத்தரிக் கீறல்.

டாக்டர் எங்களை உட்காரவைத்துச் சொன்னது காதில் கேட்டது: "தன்னைத்தானே ஏதாவது பண்ணிக்கிறாரான்னு கவனிச்சுக்கோங்க." கவனித்தோமா? கதவுக்கு இந்தப் பக்கம் நின்று நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் இவன் கத்தரியை வைத்துக்கொண்டு தன் சடையைத் தானே வெட்டிக்கொண்டிருந்திருக்கிறானா? அப்படியென்றால் வெட்டாதே என்று ஏன் சொல்கிறான்? வெட்டினதையே மறந்துவிட்டானா? நாற்காலிக் கைப்பிடியில் இருந்த அவன் மணிக்கட்டுகளை நைசாக எட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கையில் வந்த சடையை ஏப்ரன் பைக்குள் திணித்துக்கொண்டேன்.

"என்னக்கா நின்னுட்ட?"

"கை விட்டுப்போச்சுடா. ஒரு டீ குடிச்சிட்டு வரேன். அசையாம இரு."

அம்மாவைப் பார்த்துக் கண்ணால் ஜாடை காட்டிவிட்டுப் பின்அறைக்குப் போனேன். துண்டு துவைக்கிற மெஷினும் டீ கெட்டிலும் இருக்கிற சின்ன அறை. அம்மா வந்ததும் குழாயைத் திறந்துவிட்டேன், பேசுவது அவனுக்குக் கேட்கக்கூடாதென்று. பையிலிருந்து சடையை எடுத்து அவள் முன்னால் நீட்டினேன்.

"பாத்தியா? வெட்டியிருக்கான். அவனே வெட்டியிருக்கான். ஒண்ணு இல்ல, பின்னால பாதி அப்படித்தான் இருக்கு. தோல்லயும் கத்தரி பட்டிருக்கு. நீ தினம் உள்ள போய்ட்டு வந்தியே, உன் கண்ணு எங்கம்மா போச்சு?"

அம்மா சடையைப் பார்த்தாள். தொடவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"இப்பதான் வருதா அது?" என்றாள்.

"என்னது?"

"நான் இழுத்துப் பாத்தப்ப வரவே இல்லடி."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் நான் என்ன சொன்னேன் என்பதை எழுத முடியாது. பெற்ற தாயிடம் பேசுகிற பேச்சு இல்லை அது.

"கத்தாதடி, கேட்டுடப் போகுது" என்று அம்மா என் கையைப் பிடித்தாள். "மத்தியானம் தட்டு எடுக்கப் போவேன். ஒருக்களிச்சுத் தூங்கிட்டிருப்பான். தலையைப் பாத்தா வயிறு எரியும். அந்த வாடை... இந்தக் கருமம் தலையை விட்டு எறங்கினா எந்திரிச்சிடுவான்னு தோணுச்சு. மொத்தமா வெட்டினா சண்டைக்கு வருவான். அப்பப்ப அடியில ஒண்ணொண்ணா எடுத்தா தெரியாதுன்னு நெனச்சேன். வெட்டினேன். வெட்டினா கையில வரணுமா இல்லியா? வரல. இழுத்தேன், வரல. பயந்து போய்ட்டேன். இன்னொரு நாள் வேற ஒண்ணு வெட்டினேன். அதுவும் வரல."

"வரலன்னா விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே! ஏன் வெட்டிக்கிட்டே இருந்த?"

"எதையாவது செய்யணும் போல இருந்துச்சுடி. வெறும் தட்டை எடுத்துக்கிட்டுத் திரும்பி வர முடியல. சில நாள் வெட்டக்கூட மாட்டேன். கத்தரியை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன்." மூக்கை உறிஞ்சினாள். "கடைசித் தடவை தோல்ல பட்டுடுச்சு. ரத்தம் வந்துச்சு. அவன் அசையக்கூட இல்ல. செத்துட்டானோன்னு மூக்குக்கிட்ட விரலை வெச்சுப் பாத்தேன். மூச்சு இருந்துச்சு. அதோட சரி. அதுக்கப்புறம் தட்டை வாசல்லயே வெச்சுட்டு வந்துட்டேன்."

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஒரு பக்கம், அவன் தனக்குத்தானே செய்துகொள்ளவில்லை என்று உடம்பே லேசானது. இன்னொரு பக்கம், இதை அவன் தெரிந்துகொண்டால் என்ன ஆகும்? குருவி என்று ஒரு வார்த்தை சொன்னதற்கே ரெண்டு மாசம் உள்ளே கிடந்தவன். அவனுடைய அறையில், அவன் தூங்கும்போது, தாயே வந்து அவன் முடியை வெட்டியிருக்கிறாள். அதற்குப் பிறகு நாளைக்குப் பட்டறையாம், வேலையாம். கதவு சாத்திக்கொள்ளும். இந்தத் தடவை யார் திறப்பது?

"வாயைத் தொறக்காத" என்றேன் அம்மாவிடம். "நான் பாத்துக்கிறேன். நீ பாட்டுக்கு உக்காந்திரு."

என்ன பார்த்துக்கொள்வேன்? ஒரு வழி இருந்தது. முதலில் வெட்டின கட்டங்களில் முடி விரலளவுக்கு வளர்ந்திருந்தது. அந்தப் புது முடியைக் கொக்கி ஊசியால் பழைய சடையின் வாய்க்குள் இழுத்து, குறுக்கும் நெடுக்குமாகத் தைக்கிற மாதிரி கோத்துவிட்டால் பிடித்துக்கொள்ளும். செய்திருக்கிறேன். கடைசியாக வெட்டின சிலவற்றில் பிடிக்கிற அளவுக்கு முடி இல்லை. அவற்றைப் பக்கத்துச் சடையோடு மறைவாகச் சேர்த்துவிட வேண்டியதுதான். பின்தலையை அவன் எங்கே பார்க்கப் போகிறான்? திருட்டு வேலைதான். பரவாயில்லை, அவன் வேலைக்குப் போனால் போதும்.

திரும்பி வந்து அவன் பின்னால் நின்றேன். பையிலிருந்து சடையைச் சத்தமில்லாமல் எடுத்து அதன் கட்டத்தில் வைத்தேன். ஒரு கையால் சடையை அழுத்திப் பிடிக்க வேண்டும், ஒரு கையால் ஊசி பிடிக்க வேண்டும், இன்னொரு கையால் புது முடியை எடுத்துக் கொடுக்க வேண்டும். எனக்கு ரெண்டு கைதானே. சடை நழுவி அவன் தோளில் விழுந்தது.

அவன் அதை எடுத்தான். மடியில் வைத்துத் தடவிப் பார்த்தான். பொய் ஒன்று சொல்ல வேண்டும், என்ன பொய் என்று தேடினேன், ஒன்றுகூட வரவில்லை.

"அம்மாவைத் திட்டினியா?" என்று கேட்டான்.

"நான் எதுக்குடா அம்மாவை..."

"குழாயைத் தொறந்துவிட்டா நீ திட்டுறது கேக்காதா? ரோட்டு வரைக்கும் கேட்டிருக்கும்." சடையை என்னிடம் நீட்டினான். "திட்டாதக்கா. காலைலேருந்து எனக்கு அதான் பயம். பின்னால போனா பாத்துடுவ, பாத்தா அம்மாவை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவன்னு."

"உனக்குத் தெரியுமா?"

"முழிச்சுத்தான் இருந்தேன்."

"எப்போ?"

"எல்லாத் தடவையும்."

அம்மா எழுந்து நின்றாள். மடியில் இருந்த பை தரையில் விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

எனக்கு வந்ததே கோபம்! "முழிச்சிருந்தியா? தெரிஞ்சுமா கெடந்த? ஒத்த முடியை வெட்டக்கூடாதுன்னு என்னை இந்தப் பாடு படுத்துறியே, அவங்க வெட்டும்போது எந்திரிச்சுக் கையைப் பிடிக்க வேண்டியதுதானே!"

அவன் மூடியிருந்த கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு பேசினான். மெதுவாகத்தான் பேசினான். ஒவ்வொரு வார்த்தையாக வந்தது.

"வந்த உடனே வெட்ட மாட்டாங்கக்கா. முதல்ல பக்கத்துல உக்காந்து தலையைத் தடவுவாங்க. எந்தச் சடைன்னு தேடுவாங்க போல. ரொம்ப நேரம் தேடுவாங்க. அப்புறம்தான் கத்தரி. நாள் முழுக்க எனக்கு எதுவுமே இருக்காது. அது ஒண்ணுதான் இருக்கும். கண்ணைத் தொறந்தா கையை எடுத்துடுவாங்க. அதான் தொறக்கல."

"ரத்தம் வந்துச்சேடா" என்றாள் அம்மா. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது.

"வலிச்சுதும்மா. அசைஞ்சா நீ போயிடுவன்னு அசையல. நீ அப்படியும் போயிட்ட."

பேசினில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அடுத்த நாள் மத்தியானம் காத்துக்கிட்டு இருந்தேன். தட்டு சத்தம் கேட்டுச்சு. நீ உள்ள வரல. அதுக்கடுத்த நாளும் வரல. உனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சு, எங்கிட்ட மறைக்கிறாங்கன்னு நெனச்சேன். பயம் வந்துடுச்சு. அதான் எந்திரிச்சு வந்து பாத்தேன். நீ நல்லாத்தான் இருந்த. அடுப்புக்கிட்ட நின்னு பால் காய்ச்சிட்டிருந்த."

நான் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். அவன் எழுந்து வந்தது மாத்திரையால் என்று நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! டாக்டர்கூட அளவைக் கூட்டினது வேலை செய்கிறது என்றார். செய்திருக்கலாம், நான் டாக்டர் இல்லை. அன்றைக்குக் கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தது எதற்காக என்று அவனுக்குத்தானே தெரியும். மாதக்கணக்கில் கதவுக்கு வெளியே நின்று நான் போட்ட கூச்சலில் ஒன்றுகூட அவனை அசைக்கவில்லை. கட்டுக்கடங்காத அழுகை வந்தது எனக்கு. அழுதேன், வாய்விட்டே அழுதேன். அழுதுகொண்டே அம்மாவைத் திட்டினேன், அவனைத் திட்டினேன், வேறு ஆள் கிடைக்காமல் என் வீட்டுக்காரரையும் திட்டினேன்.

"முடிஞ்சுதா?" என்றான் தம்பி. "முடிஞ்சுதுன்னா வேலையைப் பாரு. இதெல்லாம் ஒட்டுமா ஒட்டாதா?"

"பாதி ஒட்டும். பாதி ஒட்டாது. ஒட்டாததை மறைச்சு..."

"மறைக்க வேணாம். அது பாட்டுக்கு வளரட்டும்."

"எனக்குக் கை பத்தலடா."

அவன் அம்மா பக்கம் திரும்பினான். "இங்க வாம்மா. அக்காவுக்குப் பிடிச்சுக் குடு."

அம்மா வந்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள், துடைத்து முடிந்த பிறகும் துடைத்தாள். சடையை எப்படி அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று காட்டினேன். அவள் விரல் நடுங்கி நடுங்கி ஊசியில் இடித்தது. நான் சுள்ளென்று விழப் போனேன், விழவில்லை. அந்த நடுக்கம் நிற்கிறவரைக்கும் காத்திருந்தேன். நின்றது. ஊசியை உள்ளே விட்டு, புது முடியை இழுத்து, முதல் தையல் போட்டேன். பிடித்துக்கொண்டது.

வெளியே வெயில் இறங்குகிற வரைக்கும் அப்படியே நின்றோம். ஒட்டினது கொஞ்சம், ஒட்டாமல் பையில் போட்டது கொஞ்சம். பலகை போய்விட்டது. பின்தலையில் அங்கங்கே குட்டை முடியோடு கட்டங்கள் தெரிந்தன. அழகாக இல்லை, ஆனால் சுத்தமாக இருந்தது. டிரையரை ஓரமாக வைத்து உள்வரைக்கும் காயவைத்தேன்.

"முடிஞ்சுதும்மா, விடு" என்றேன்.

அம்மா விடவில்லை. பிடிக்க ஒன்றுமில்லை, கை மட்டும் அவன் தலைமேல் இருந்தது. நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பேசின் பக்கம் போய்விட்டேன்.

"காலைல ஏழு மணிக்கு எழுப்பிவிடும்மா" என்று அவன் சொன்னது கேட்டது. "மேஸ்திரி எட்டுக்கெல்லாம் வந்துடுவார்."

"சரிப்பா."

"வாசல்ல நின்னு கூப்பிடாத. உள்ள வந்து தொட்டு எழுப்பு."